ஆர்டிசியில் காத்திருக்கிற நேரம்: கட்டிலா, பெட்டியா, சுத்தியலா?

புது_கிளாஸ்2:
வணக்கம். பிரிட்டனில் லொறி ஓடுற ஆக்களிட்ட ஒரு கேள்வி. காலமை 5:00க்கு வேலை தொடக்கம், 5:15க்கு வண்டி வெளிக்கிடும், 8:30க்கு ஆர்டிசி, அதாவது சாமான் வாங்கிப் பிரிச்சு அனுப்புற பெரிய களஞ்சியம். கேற்றில பதிஞ்சு, திறப்பை ஒஃபிஸில குடுக்க 8:40 ஆகும். "ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஆகும், வெயிட்டிங் ரூமில இருங்கோ" எண்டு சொல்லுவினம். 9:50க்குத் திறப்பு திரும்பி வரும். கேர்ட்டன் (லொறியின்ர பக்கத் திரை) மூடி, பேப்பர் வாங்கி 10:10க்கு ஓடலாம். அந்த 70 நிமிசத்துக்கு டாக்கோவில (ஓட்டம், வேலை, ஓய்வு எல்லாம் பதியிற கருவி) எந்தச் சின்னத்தைப் போடவேணும்? கொம்பனி சொல்லுது பெட்டி (காத்திருக்கிற நேரம்) போடு எண்டு. வேற சாரதிமார் கட்டில் (ஓய்வு, இடைவேளை) போடு எண்டினம். ஒராள் சுத்தியல் (ஓட்டம் இல்லாத மற்ற வேலை)தான் சரி எண்டுறார்.

மிட்லண்ட்ஸ்_ஆர்டிக்:
தம்பி, மூண்டு பேரும் மூண்டு வேற வேற இடத்தை மனசில வைச்சுக் கதைக்கினம். உங்கட கேஸில கட்டில்தான். ஏன் எண்டு சொல்லுறன்.

இடைவேளை எண்டால் ஓட்டமும் இல்லை, வேற வேலையும் இல்லை, ஆறுறதுக்கு மட்டும் உள்ள நேரம். திறப்பு உங்களிட்ட இல்லை, வண்டியை அசைக்கேலாது, ஏத்துறதை இறக்குறதைப் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லேல்லை, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள். சாரதிமாரின்ர ஓட்ட, ஓய்வு நேரத்துக்கான ஐரோப்பிய விதி 561/2006 கேக்கிறது அவ்வளவுதான். பிரெக்ஸிற்றுக்குப் பிறகும் அந்த விதி இஞ்ச சட்டமாத்தான் இருக்கு.

இப்ப கணக்கைப் பாருங்கோ. நாலரை மணி (4:30) ஓட்டத்துக்கு 45 நிமிச இடைவேளை எடுக்கவேணும். 5:15 தொடக்கம் 8:30 வரை 3 மணி 15 நிமிசம் ஓட்டம். கட்டில் போட்டால் 70 நிமிசம் 45ஐத் தாண்டுது, ஓட்டக் கணக்கு பூச்சியத்துக்கு வரும். 10:10க்கு வெளிக்கிட்டால் 14:40 வரை நிப்பாட்டாமல் ஓடலாம். அதே 70 நிமிசத்துக்குப் பெட்டி போட்டால் 3:15 அப்பிடியே நிக்கும். மிச்சம் 1:15 மட்டும்தான். 11:25க்கு எங்கயாவது ஒதுங்கி 45 நிமிசம் நிக்கவேணும். 11:25க்கு எம்6இல பார்க்கிங் தேடிப் பாத்தால் விளங்கும் அதின்ர விலை.

கேற்றில பதியிற 10 நிமிசமும், கேர்ட்டன் மூடி பேப்பர் வாங்குற 20 நிமிசமும் சுத்தியல். காலமை 5:00 தொடக்கம் 5:15 வரை வண்டி சுத்திப் பாக்கிறதும் சுத்தியல். இதைக் கனபேர் விட்டுடுறாங்கள். டாக்கோவில உங்கட சாரதிக் காட் (அட்டை) போட்ட நிமிசமே வண்டி ஓடத் தொடங்கினால், ரயரும் லைற்றும் பாத்தது எப்ப எண்டு டிவிஎஸ்ஏ (வண்டியையும் சாரதியையும் சோதிக்கிற அரசு நிறுவனம்) கேக்கும்.

ஏ14_ஓட்டம்:
அண்ணை, பெட்டி கணக்கில்லை எண்டுறது பிழை எண்டு நினைக்கிறன். பெட்டியில 45 நிமிசம் விட்டாலே டாக்கோ ஸ்கிரீனில 4:30 கணக்கு புதுசாத் தொடங்குது. வேணுமெண்டால் போட்டுப் பாருங்கோ.

டாக்கோ_மேசை:
போட்டுப் பார்க்கத் தேவையில்லை, நீங்கள் சொல்வது உண்மை. இந்த விஷயத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். டாக்கோகிராஃபின் தொழில்நுட்ப விதியில் தொடர் ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. அந்த முறை கட்டிலையும் பெட்டியையும் காட் வெளியே இருந்த நேரத்தையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்கிறது. அதனால் ஸ்கிரீனில் எண்ணி பூச்சியமாகிறது, எச்சரிக்கை மணியும் அடிக்காது. ஆனால் 561/2006இன் 7ஆம் பிரிவு கேட்பது இடைவேளை. தனியாக ஓட்டும் சாரதிக்குப் பெட்டி இடைவேளை ஆகாது.

காட்டை டவுன்லோட் செய்து பகுப்பாய்வு மென்பொருளில் போட்டால் அது எண்ணியைப் பார்க்காது, சின்னத்தைத்தான் பார்க்கும். 3:15 ஓட்டம், பெட்டி, பிறகு 4:20 ஓட்டம் என்றால், 7:35 தொடர் ஓட்டம் என்று சிவப்பில் வரும். நாலரை மணி எல்லையை மூன்று மணிக்கு மேல் தாண்டிய கணக்கு அது. சாரதி "வண்டி ஒன்றும் சொல்லவில்லையே" என்பார். வண்டி சொல்லாதுதான்.

விதிவிலக்கு ஒன்று: இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் வண்டி. பக்கத்து இருக்கையில் இருப்பவரின் காட், வண்டி ஓடும்போது தானாகவே பெட்டியில் பதியும், கட்டில் போட விடாது. அவர் ஓட்டுபவருக்கு உதவி செய்யாமல் சும்மா இருந்தால் அந்த 45 நிமிடத்தை இடைவேளையாக எடுத்துக்கொள்ளலாம்.

புது_கிளாஸ்2:
அப்ப பெட்டியால என்னதான் பிரயோசனம்? கொம்பனி ஏன் அதைப் போடச் சொல்லுது? 48 மணித்தியாலக் கணக்கு எண்டு ஏதோ சொல்லிச்சினம்.

இரவு_ட்ரங்க்:
இரண்டு சட்டம் ஒரே டாக்கோவில ஓடுது, அதுதான் குழப்பம். ஒண்டு 561. அது ஓட்டத்தையும் ஓய்வையும் பாக்கும். மற்றது 2005இல வந்த வீதிப் போக்குவரத்து வேலைநேர விதி. அது ஓட்டம், சுத்தியல் இரண்டையும் கூட்டிப் பாக்கும். கிழமைக்குச் சராசரி 48 மணி, எந்த ஒரு கிழமையிலும் 60க்கு மேல ஏலாது. சராசரி பொதுவா 17 கிழமைக்கு, ஒப்பந்தம் இருந்தால் 26 கிழமைக்கு.

பெட்டி அந்த 48இல சேராது. கொம்பனிக்கு அதில ஆசை. ஆனால் கட்டிலும் அதில சேராது! அதால 48ஐக் காட்டி உங்களைப் பெட்டி போடச் சொல்லுறதில அர்த்தமில்லை. கட்டில் போட ஏலுமான இடத்தில பெட்டி போட்டால் கொம்பனிக்கும் லாபமில்லை, சாரதிக்கு நட்டம்.

பெட்டிக்கு உண்மையான வேலை எங்க எண்டால், கட்டில் போட ஏலாத, ஆனால் வேலையும் செய்யாத நேரத்தில. கபினில இருந்து பே (ஏத்தி இறக்குற வாசல்) லைற் மாறுதோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறது, கூப்பிட்ட உடனே பின்னுக்கு எடுக்கவேணும் எண்டு நிக்கிறது. அது ஆறுற நேரமில்லை. ஆனால் எவ்வளவு நேரம் எண்டு முன்கூட்டியே தெரிஞ்சால் பெட்டி போடலாம். இரவு ஓடுற எங்களுக்கு அது பெரிய விஷயம். நள்ளிரவு 12:00க்கும் காலமை 4:00க்கும் இடையில கொஞ்சமாவது வேலை செய்தால், 24 மணித்தியாலத்துக்கு 10 மணி வேலைதான். கூட்டாக ஒப்பந்தம் போட்டு விலக்கு எடுத்தால் தவிர. ஹப்பில ட்ரெயிலர் வரும் வரை ஒன்றரை மணி காத்திருக்கிறது சுத்தியலில போனால் அந்த 10 முடிஞ்சு, வீட்டுக்கு ஓடி வர நேரம் இராது.

மிட்லண்ட்ஸ்_ஆர்டிக்:
"முன்கூட்டியே தெரிஞ்சால்" எண்டதை அழுத்திச் சொல்லவேணும். வெளிக்கிட முதலோ, அந்தக் காத்திருப்புத் தொடங்கிறதுக்குச் சற்று முதலோ தெரிஞ்சிருக்கவேணும். மூண்டு வழி. ஆராவது சொல்லியிருக்கவேணும். இல்லாட்டி உங்கட புக்கிங் நேரத்துக்கு முன்னமே வந்து சேர்ந்திருக்கவேணும். 9:30 புக்கிங், 8:40க்கு வந்தால் 50 நிமிசம் தெரிஞ்ச நேரம். இல்லாட்டி அது எப்பவுமே சுணங்கிற இடமா இருக்கவேணும்.

"பாப்பம், கூப்பிடுறம்" எண்டு மட்டும் சொன்னால் சுத்தியல். ஒரு மணித்தியாலம் எண்டு சொல்லி, மணி முடிஞ்சும் ஒருத்தரும் வாய் திறக்காட்டில், அதுக்குப் பிறகு சுத்தியல். மணி முடிய முதலே போய்க் கேட்டு, "இன்னும் அரை மணி" எண்டு பதில் வாங்கினால் பெட்டி தொடரும். போய்க் கேக்கிறது உங்கட நன்மைக்கு. சொன்ன ஆளின்ர பேரை டெலிவரி நோட்டில ஒரு மூலையில எழுதி வைச்சால் இன்னும் நல்லம்.

பாரிஸ்_19டன்:
பிரான்ஸில ஓடுற ஆக்கள் இதை வாசிச்சுக் குழம்பவேண்டாம். ஓட்ட நேரமும் 45 நிமிசமும் இஞ்சயும் அதேதான். ஆனால் இஞ்ச பெட்டி சேவை நேரத்துக்குள்ள வரும், சம்பளமும் உண்டு. கட்டில்தான் வெட்டுப்படும். அதால இஞ்ச முதலாளிமார் கட்டில் போடச் சொல்லுவினம், நேரெதிர்.

எசெக்ஸ்_ரிஜிட்:
தம்பிக்கு உண்மையில வரப்போற பிரச்சினை சட்டமில்லை, பட்டன்.

1. வண்டி நிண்ட உடனே டாக்கோ தானாச் சுத்தியலுக்குப் போகும். கட்டில் வேணுமெண்டால் 1ஆம் நம்பர் பட்டனைச் சின்னதா அமத்தவேணும், ஒவ்வொரு அமத்தலுக்கும் சின்னம் மாறும். கன நேரம் அமத்திப் பிடிச்சால் காட் வெளிய வரப் பாக்கும்.

2. சில வண்டியில இக்னிஷன் நிப்பாட்டினால் தானாக் கட்டில் விழும், சிலதில விழாது. கொம்பனி போட்ட செற்றிங். ஏஜென்சியில ஓடி ஒவ்வொரு நாளும் வேற வண்டி எடுக்கிறவை இதில கவனம்.

3. ஆகக் கெட்டது இதுதான்: சில வண்டியில இக்னிஷன் போட்டால் தானாச் சுத்தியல் விழும். 30 நிமிசம் கட்டிலில இருந்து, பாட்டுக் கேக்கவோ ஹீற்றர் போடவோ திறப்பைத் திருப்பினால் இடைவேளை அந்த இடத்திலேயே முறிஞ்சுது. திறப்பைத் திருப்பினால் ஸ்கிரீனைப் பாருங்கோ. கட்டில் சின்னம் நிக்குதோ எண்டு பாத்துவிட்டுக் கையை எடுங்கோ.

4. 45 எண்டால் 46, 47 எடுங்கோ. டாக்கோ நிமிசக் கணக்கில எழுதும். ஒரு நிமிசத்துக்குள்ள எது கூட நேரம் நடந்ததோ அதுதான் அந்த நிமிசத்துக்குப் பதிவாகும். 8:40:40க்கு பட்டனை அமத்தினால் 8:40 சுத்தியல், கட்டில் 8:41க்குத்தான் தொடங்கும். ஃபோன் மணிக்கூட்டைப் பாத்து 45 எண்ணினால் காட்டில 44 விழும். 44 எண்டால் 45 இல்லை, அவ்வளவுதான். இடைவேளை எவ்வளவு ஆச்சுது எண்டு டாக்கோ ஸ்கிரீனே காட்டும், அதைப் பாத்து எழும்புங்கோ.

புது_கிளாஸ்2:
நன்றி அண்ணை. 45ஐ இரண்டாப் பிரிக்கலாம் எண்டினம். 40 நிமிசத்தில பேயில இருந்து கூப்பிட்டால் அந்த 40 வீணோ?

டாக்கோ_மேசை:
வீணில்லை, ஆனால் 40 ஆகவும் நிற்காது. பிரிப்பு 15 + 30, அந்த ஒழுங்கில் மட்டும். முதல் துண்டு குறைந்தது 15, இரண்டாவது குறைந்தது 30. 40 நிமிடம் முதல் துண்டாகக் கணக்கில் நிற்கும். உங்கள் உதாரணத்தில் மிச்சமுள்ள 1:15 ஓட்டம் முடிவதற்குள் இன்னும் 30 எடுத்தால் கணக்கு பூச்சியமாகும். 30 முதலில், 15 பிறகு என்றால் செல்லாது. 20 + 25 செல்லாது. 14 நிமிடம் எதற்கும் செல்லாது.

அதனால் ஆர்டிசிக்குப் போகும் வழியில் எங்காவது 15 நிமிடம் எடுத்து வைத்திருப்பது புத்திசாலித்தனம். பிறகு அங்கே 30 நிமிடம் அமைதியாகக் கிடைத்தாலே போதும். 45 நிமிடம் தொந்தரவில்லாமல் கிடைக்கும் என்று எந்த ஆர்டிசியையும் நம்ப முடியாது.

இன்னொன்று. 4:30 என்பது ஓட்டம் மட்டும். சுத்தியல் அதில் சேராது. ஆனால் வேலைநேர விதியில் 6 மணி தொடர் வேலைக்கு மேல் இடைவேளை இல்லாமல் போக முடியாது, அங்கே சுத்தியலும் சேரும். டிப்போவில் 2 மணி ஏற்றிவிட்டு 4:20 ஓடினால் 561இல் குற்றமில்லை, வேலைநேர விதியில் குற்றம். அங்கே 15 நிமிடம் எடுத்தால் அந்த 6 மணி புதிதாகத் தொடங்கும். மொத்தமாக 6 முதல் 9 மணி வேலைக்கு 30 நிமிடம், 9க்கு மேல் 45.

ஏ14_ஓட்டம்:
லைனில நிக்கிறதை ஒருத்தரும் சொல்லேல்லை. துறைமுகத்தில, கொன்ரெய்னர் எடுக்கிற இடத்தில, ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு வண்டி நீளம் அசையும். அதுக்குள்ள கட்டில் போட்டால்?

மிட்லண்ட்ஸ்_ஆர்டிக்:
போடாதேங்கோ. ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கா அசைக்கவேணும் எண்டால் உங்கட கண் முன் வண்டியில. அது ஆறுறதில்லை. 15 நிமிசமும் சேராது. ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு சுத்தியல் விழும், நீங்கள் திரும்பத் திரும்பப் பட்டன் அமத்தவேணும். காட்டில கட்டில், சுத்தியல், ஸ்டியரிங் (ஓட்டச் சின்னம்) எண்டு கலந்து கிடக்கும். அதைப் பாக்கிற அதிகாரிக்கு இவர் லைனில நிண்டுகொண்டு ஓய்வு எண்டு எழுதினவர் எண்டு உடனே விளங்கும்.

அசைவு மிகச் சின்னனா இருந்தால், உதாரணமா 20 செக்கன், அந்த நிமிசம் ஓட்டமாப் பதியாமலும் விடலாம். கட்டிலே பதிஞ்சும் இருக்கலாம். அதுக்காக இடைவேளை முறியேல்லை எண்டு அர்த்தமில்லை. டாக்கோ எழுதாட்டிலும் நீங்கள் ஓட்டினீங்கள். மற்றப் பக்கம், இரண்டு ஓட்ட நிமிசத்துக்கு நடுவில ஒரு நிமிசம் நிண்டால் அந்த நிமிசமும் ஓட்டமாத்தான் விழும். ஆகவே லைன் விடாமல் அசைஞ்சால் 4:30 கரையும், அதைக் கணக்கில வைச்சு லைனுக்குள்ள போக முதல் இடைவேளையை எடுத்து முடியுங்கோ.

எசெக்ஸ்_ரிஜிட்:
ஷண்டர் (யார்ட்டுக்குள்ள வண்டியை நகர்த்துற ஆள்) உள்ள ஆர்டிசியில இன்னொரு பொறி. திறப்பைக் குடுத்துவிட்டு வெயிட்டிங் ரூமுக்குப் போறீங்கள், காட் உள்ள கிடக்கு. அவங்கட ஷண்டர் உங்கட வண்டியைப் பேக்குக் கொண்டு போறான். அந்த ஓட்டம் உங்கட காட்டில. இடைவேளை முறிஞ்சுது, அதைவிட, வேற ஒருத்தர் உங்கட காட்டில ஓட்டின மாதிரிப் பதிவு. திறப்பைக் குடுக்கும் போது காட்டை எடுத்துக்கொண்டு போங்கோ. திரும்பிக் காட் போடேக்க டாக்கோ கேக்கும், இடைப்பட்ட நேரம் என்ன எண்டு. அவசரத்தில "இல்லை" எண்டு அமத்தினால் அது கேள்விக்குறியாப் போகும். கட்டில் எண்டு நேரத்தோட உள்ளிடுங்கோ.

புது_கிளாஸ்2:
பட்டன் மாத்த மறந்தால்? இடைவேளையில இருந்தது உண்மை, ஆனால் சுத்தியல் விழுந்துபோச்சு எண்டால்?

டாக்கோ_மேசை:
பதிவை யாராலும் மாற்ற முடியாது. அன்றைய பிரிண்ட் எடுத்து, பின்பக்கத்தில் நேரத்தையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கலாம். பிரிண்டில் வரும் நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) என்பதை மறக்க வேண்டாம். கோடையில் பிரிட்டன் நேரத்துக்கு ஒரு மணி பின்னால் இருக்கும். 9:10க்கு எடுத்த இடைவேளை பிரிண்டில் 8:10 என்று நிற்கும், பின்பக்கம் எந்த நேரத்தில் எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். ஒருமுறை மறந்தால் அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம். வாரம் மூன்று பிரிண்ட் இருந்தால் நம்ப மாட்டார்.

மறுபக்கம் மறப்பதுதான் ஆபத்து. கட்டில் விழுந்து கிடக்க நீங்கள் டெயில் லிஃப்டில் பலட் இறக்கினால், அது பொய்ப்பதிவு என்ற வகைக்குள் போகக்கூடியது. தெரிந்தே செய்தால் 1968 போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் 2 ஆண்டு வரை சிறை உள்ள குற்றம். சுத்தியலில் இருந்துகொண்டு ஆறினால் சாரதிக்கு நேர நட்டம் மட்டும். சந்தேகமென்றால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது தெளிவு.

வீதியோரத்தில் பிடித்தால் சாரதி நேரக் குற்றத்துக்கு ஒன்றுக்கு 300 பவுண்ட் வரை போகும். 2018 மார்ச் முதல், கடந்த 28 நாளில் நடந்ததையும் சேர்த்து, ஒரே சோதனையில் 5 குற்றம் வரை எழுதலாம். 1,500 பவுண்ட்.

ஏ14_ஓட்டம்:
கொம்பனி பெட்டி போடச் சொன்னது எண்டு சொன்னால் தண்டத்தை அவையிட்ட அனுப்புவினமோ?

இரவு_ட்ரங்க்:
கொம்பனியின்ர லைசென்ஸுக்கு வேற இடத்தில கேள்வி வரும். ஆனால் காட்டில உள்ள பேர் உங்கட பேர், வீதியில எழுதுற துண்டும் உங்களுக்குத்தான். பெட்டி போடு எண்டு சொல்லுறதை வட்ஸப்பில எழுத்தில கேளுங்கோ. முக்கால்வாசிப் பேர் எழுத மாட்டினம். சம்பளம் வேற கதை. எந்தச் சின்னத்துக்குக் காசு, எதுக்கு வெட்டு எண்டது உங்கட ஒப்பந்தத்தில இருக்கும், விதியில இல்லை. 45 நிமிசம் வெட்டுற கொம்பனியில 70 நிமிசம் கட்டில் போட்டால் 70ஐயும் வெட்டுதோ எண்டு சம்பளத் துண்டைப் பாருங்கோ. வெட்டினால் கதைக்கவேண்டியது பேரோலோட. டாக்கோவை மாத்தி அதைச் சரிக்கட்டப் பாக்காதேங்கோ.

மிட்லண்ட்ஸ்_ஆர்டிக்:
இன்னொரு கணக்கையும் மறக்கவேண்டாம். கட்டிலோ பெட்டியோ, காத்திருக்கிற நேரம் நாளைத் தின்னும். 5:00க்குத் தொடங்கினால் அடுத்த நாள் 5:00க்குள்ள 11 மணி ஓய்வு முழுசா அடங்கவேணும், ஆக 18:00க்கு முடிக்கவேணும். 9 மணி ஓய்வுக்குக் குறைச்சால் 20:00. அப்பிடிக் குறைக்கிறது இரண்டு கிழமை ஓய்வுக்கு நடுவில மூண்டு தரம் மட்டும். இரண்டு ஆர்டிசியில மும்மூண்டு மணி நிண்டால் ஓட்டம் கன மிச்சம் இருக்கும், நாள் இராது. அதைப் பிளானருக்கு 17:00க்குச் சொல்லாமல் மத்தியானமே சொல்லுங்கோ.

பாரிஸ்_19டன்:
டோவர் பக்கம் வாற ஆக்களுக்கு: கலேக்கு ஃபெரி கிட்டத்தட்ட 90 நிமிசம், வண்டியைக் கட்டிவிட்டு மேல ஏறினால் 45 முழுசாக் கிடைக்கும். சுரங்க ரெயில் 35 நிமிசம், 45 அடங்காது. ஆனால் முன்னம் 15 எடுத்திருந்தால் 30 அதுக்குள்ள அடங்கும்.

புது_கிளாஸ்2:
ஃபெரியில இரவு ஓய்வை முறிக்கலாம் எண்டு கேள்விப்பட்டன், உண்மையோ?

டாக்கோ_மேசை:
11 மணி ஓய்வாக இருந்தால், படுக்கை கிடைத்தால். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று அதிகபட்சம் இரண்டு தடவை, இரண்டும் சேர்த்து 1 மணிக்குள். ஹார்விச்சில் இருந்து ஹோக் வான் ஹொலண்ட் போகும் இரவுக் கப்பலில் அப்படித்தான் செய்கிறார்கள்: துறைமுகத்தில் கொஞ்சம், கப்பலில் மிச்சம், தேவையானால் இறங்கிய பிறகு இன்னும் கொஞ்சம். குறைத்த 9 மணி ஓய்வுக்கு இது பொருந்தாது. டாக்கோ மெனுவில் ஃபெரி/ரெயில் என்ற பதிவைப் போட்ட பிறகு கட்டிலுக்கு மாற்றுங்கள். போடாவிட்டால் ஏறிய இரண்டு நிமிட ஓட்டத்தில் ஓய்வு முறிந்ததாகவே மென்பொருள் காட்டும்.